பெவரிட்ஜ் எழுதியதைச் சட்டமாக்கிய சுரங்கத் தொழிலாளி

கேள்வி இது: “இரண்டாம் உலகப் போர் முடிந்ததும் பிரிட்டனில் தொழிலாளர்களுக்காக வந்த சட்டங்களைப் பற்றிப் படித்தால் பெவரிட்ஜ், பெவன் என்ற இரண்டு பெயர்கள்தான் திரும்பத் திரும்ப வருகின்றன. நாடாளுமன்றத்தில் அந்த வேலையைச் செய்தவர்கள் வேறு யாரும் இல்லையா? அப்படி ஒருவர் இருந்தால், அவர் செய்தது இன்றும் நிற்கிறதா?”

இருக்கிறார். சமூகக் காப்பீட்டுக்கான திட்டத்தை அறிக்கையாக எழுதியவர் பெவரிட்ஜ். அதைச் சட்டமாக்கியவர் ஜேம்ஸ் கிரிஃபித்ஸ். வேல்ஸ்காரர், நிலக்கரிச் சுரங்கத்தில் வேலை பார்த்தவர், 1936 முதல் 1970 வரை லானெல்லி தொகுதியின் உறுப்பினர். 1945 ஆகஸ்டில் தொழிற்கட்சிப் பிரதமர் அட்லியின் அரசில் தேசியக் காப்பீட்டு அமைச்சரானார். உள்வட்ட அமைச்சரவையில் அவருக்கு நாற்காலிகூடக் கிடையாது. ஆனால் மூன்றே வருடத்தில் குழந்தைகளுக்கான உதவித்தொகை, முதியோர் ஓய்வூதியம், வேலையின்மைப் பணம், நோய்க்காலப் பணம், பிரசவப் பணம், ஈமச்சடங்குப் பணம், வேலையிடத்து விபத்துக்கான ஈட்டுத்தொகை எல்லாம் அவர் கையெழுத்தின் கீழ் நடைமுறைக்கு வந்தன. மருத்துவமனைகளை அரசுடைமையாக்கிய அனியூரின் பெவனின் பெயர் நிலைத்துவிட்டது. அது நியாயம்தான். ஆனால் நோயாளி வீட்டில் படுத்திருக்கும்போது அடுப்பு எரிந்தது கிரிஃபித்ஸ் செய்த ஏற்பாட்டால்.

நான் தொழிற்சங்க அலுவலகத்தில் விபத்து இழப்பீட்டுக் கோப்புகளைப் பல வருடம் பார்த்தவன். அதனால் இந்த மனிதர் மேல் எனக்குத் தனிப் பற்று உண்டு. அவருடைய சட்டங்களிலேயே பெரியது விபத்துச் சட்டம் என்பது என் கருத்து. அதைத்தான் விரிவாகச் சொல்லப் போகிறேன். மற்றவற்றைச் சுருக்கமாகத் தொட்டுப் போகிறேன்.

1890ல் தென்மேற்கு வேல்ஸில், அம்மன்ஃபோர்டை ஒட்டிய பெட்டூஸ் கிராமத்தில் பிறந்தார். அப்பா கொல்லர். வீட்டில் பேசுவது வேல்ஷ் மொழி. 13 வயதில் பள்ளிக்கூடத்தை விட்டுச் சுரங்கத்துக்குள் இறங்கினார். அது ஆன்த்ரசைட் பகுதி. புகை குறைவாக, சூடு அதிகமாகத் தரும் கெட்டி நிலக்கரி. தோண்டும்போது எழும் தூசி நுரையீரலில் போய்த் தங்கிவிடும். 1908ல் பக்கத்திலிருந்த பான்டிஃபின்னன் சுரங்கத்தில் வாயு வெடித்தது. அண்ணன் குவிலிம் இறந்துபோனார். இன்னொரு அண்ணன் டேவிட் ரீஸ் பலத்த காயத்தோடு தப்பினார். பின்னால் ‘அமன்வி’ என்ற பெயரில் வேல்ஷ் கவிஞராக அறியப்பட்டவர் அவர்தான். ஜேம்ஸுக்கு அப்போது பதினேழு வயது.

முதல் உலகப் போரை எதிர்த்துப் பேசினார். போர் முடிந்ததும் சங்கத்தின் உதவியோடு லண்டனில் மத்தியத் தொழிலாளர் கல்லூரியில் இரண்டு வருடம் படித்தார். அதே நேரத்தில் அங்கே படித்த இன்னொரு சுரங்கத்துப் பையன் பெவன். ஊர் திரும்பி, 1925ல் ஆன்த்ரசைட் பகுதிச் சுரங்கத் தொழிலாளர்களின் சங்கப் பிரதிநிதியானார். 1934ல் தென் வேல்ஸ் சுரங்கத் தொழிலாளர் கூட்டமைப்புக்கே தலைவர். முதலாளிகள் தங்களுக்கு வசதியாக வளர்த்த போட்டிச் சங்கத்தை எதிர்த்து 1935ல் நைன் மைல் பாயின்ட் சுரங்கத்தில் ஆட்கள் மேலே ஏறி வராமல் பூமிக்கடியிலேயே உட்கார்ந்துகொண்ட போராட்டம் அவர் தலைவராக இருந்தபோது நடந்ததுதான்.

சங்கப் பிரதிநிதி என்றால் கொடி பிடித்துப் பேசுபவர் என்று நினைப்போம். அன்றாட வேலை வேறு. காலையில் அலுவலகத்தைத் திறந்தால் வாசலில் ஆள் நிற்பான். கை நசுங்கியவன், முதுகெலும்பில் அடிபட்டவன், இரண்டு படி ஏறினால் மூச்சு வாங்குபவன், கணவனைப் பறிகொடுத்தவள். அவர்களுக்கு முதலாளியிடமிருந்து காசு வாங்கித் தர வேண்டும். அதற்கு அந்த நாட்டில் இருந்த வழி 1897ல் வந்த தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டம். 1923ல் இந்தியாவுக்கு வந்த தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டத்துக்கு அச்சு அதுதான். ஆகையால் அந்த வாசலில் நடந்ததை என்னால் ஓரளவு நேரில் பார்த்ததுபோலச் சொல்ல முடியும்.

ஒரு வார்ப்படப் பட்டறைத் தொழிலாளி. வலது கைச் சுட்டுவிரல் அடியோடு போய்விட்டது. மஞ்சள் பையில் ஆஸ்பத்திரிச் சீட்டுகளை அடுக்கி எடுத்துக்கொண்டு எங்கள் அலுவலகத்துக்கு வந்தார். விசாரணையில் எதிர்த்தரப்பு வக்கீல் கேட்ட முதல் கேள்வி, “மெஷினில் இருந்த தடுப்பை நீதானே கழற்றினாய்?” அடுத்த கேள்வி, “அந்த நேரத்தில் அங்கே உனக்கு என்ன வேலை?” அவர் கட்டுப்போட்ட கையை மேசைக்குக் கீழே மறைத்துக்கொண்டார். அடிபட்டவன் வெட்கப்பட வேண்டியதாகிவிடுகிறது. பணம் யார் கையில் இருக்கிறதோ அவர்களுக்கு, அதைக் கொடுக்காமல் இருப்பதில் லாபம் இருக்கிறது. இந்தச் சட்டத்தின் அடிப்படைக் கோளாறு இதுதான். சட்டத்தைப் போட்டவர்கள் கெட்டவர்கள் இல்லை. ஆனால் காயம்பட்டவனையும் முதலாளியையும் எதிரெதிரே நிறுத்தி, நடுவில் காப்பீட்டுக் கம்பெனியை உட்கார வைத்துவிட்டார்கள்.

வேல்ஸிலும் இதேதான். வாரா வாரம் கொடுக்க வேண்டிய பணத்துக்குப் பதிலாக ஒரு தொகையை மொத்தமாகக் கையில் வைத்து, எழுதி வாங்கிக்கொண்டு அனுப்பிவிடுவார்கள். வீட்டில் வாடகை பாக்கி, கடையில் கடன் என்று நிற்பவன் எப்படி வேண்டாம் என்பான்? நுரையீரல் தூசிநோய்க்காரர்களின் பாடு இதைவிட மோசம். தான் குடைந்தது சிலிக்கா அதிகம் உள்ள பாறை என்று ஆரம்பத்தில் தொழிலாளியே நிரூபிக்க வேண்டியிருந்தது. பாறையில் துளை போடாமல் நிலக்கரியை மட்டும் வெட்டியவனுக்கு வந்த நோய் சட்டத்தின் கண்ணுக்கு நோயே இல்லை. மருத்துவ ஆய்வுகள் நடந்து, நிலக்கரித் தூசியே நுரையீரலைக் கெடுக்கும் என்று ஒப்புக்கொண்டு, நிமோகோனியோசிஸ் என்ற பெயரில் ஈட்டுத்தொகைக்குள் கொண்டுவர 1943 ஆயிற்று. அதற்குள் எத்தனையோ பேர் போய்ச் சேர்ந்துவிட்டார்கள்.

இதோடு 1930களின் வேலையில்லாக் கொடுமையும் சேர்ந்துகொண்டது. 1931ல் வந்த வருமானச் சோதனை இன்றைக்கும் அந்நாட்டு முதியவர்களின் குடும்பக் கதைகளில் வரும். வேலை போனவன் உதவி கேட்டால் அதிகாரி வீட்டுக்கே வருவார். மகன் என்ன சம்பாதிக்கிறான், மகள் எங்கே வேலை பார்க்கிறாள், வீட்டில் என்ன சாமான் இருக்கிறது என்று கேட்டு எழுதிக்கொள்வார். மகன் சம்பளம் வாங்கினால் அப்பாவுக்கு வரும் பணம் குறையும். அதனாலேயே வீட்டை விட்டுப் போன மகன்கள் உண்டு. கிரிஃபித்ஸ் நாடாளுமன்றத்துக்குள் நுழைந்தபோது இவையெல்லாம் அவருக்குப் புள்ளிவிவரமாக இல்லை, தெருவில் எதிரே வந்த முகங்களாக இருந்தன.

சரி, பெவரிட்ஜுக்கு வருவோம். 1942 டிசம்பரில், போர் நடுவில், அவருடைய அறிக்கை வெளியானது. வறுமை, நோய், அறியாமை, சுகாதாரக்கேடு, வேலையின்மை என்ற ஐந்து அரக்கர்களை வீழ்த்த வேண்டும் என்றார். மக்கள் வரிசையில் நின்று வாங்கினார்கள். ஆனால் சர்ச்சிலின் கூட்டணி அரசு பிடிகொடுக்கவில்லை. நல்ல யோசனை, பரிசீலிப்போம், இப்போதைக்கு வாக்கு எதுவும் கொடுக்க முடியாது என்ற தோரணையில் பேசியது. 1943 பிப்ரவரியில் மூன்று நாள் விவாதம். பிரிட்டனின் தொழிற்கட்சியும் அந்தக் கூட்டணியில்தான் இருந்தது. அமைச்சர்களாக இருந்த அதன் தலைவர்கள் அரசை எதிர்க்க வேண்டாம் என்றார்கள். அமைச்சர் பதவியில் இல்லாத பின்வரிசை உறுப்பினர்கள் கேட்கவில்லை. அரசின் நிலைப்பாட்டில் அதிருப்தி தெரிவித்து, அறிக்கையைச் சீக்கிரம் நிறைவேற்றச் சொல்லும் திருத்தத்தை முன்மொழிந்தவர் கிரிஃபித்ஸ்.

திருத்தம் தோற்றது. ஆனால் சுமார் 120 பேர் அதன் பக்கம் நின்றார்கள். போர்க்காலத்தில் உள்நாட்டு விஷயம் ஒன்றில் அரசை எதிர்த்துக் கிளம்பிய பெரிய கலகம் அது. அந்த 120 பேரில் ஒருவர் எண்பது வயது லாயிட் ஜார்ஜ். 1911ல் முதல் தேசியக் காப்பீட்டுச் சட்டத்தைக் கொண்டுவந்த அவரும் வேல்ஸ்காரர்தான். அவர் மக்களவையில் போட்ட கடைசி ஓட்டு இது. 1945 தேர்தலில் தொழிற்கட்சி பெருவெற்றி பெற்றபோது, அட்லி இந்தத் துறையை யாருக்குக் கொடுப்பது என்று அதிகம் யோசித்திருக்க மாட்டார் என்றுதான் நினைக்கிறேன்.

துறை கையில் வந்தபோது நாடு எப்படி இருந்தது என்பதையும் நினைவில் வைக்க வேண்டும். கஜானா காலி. அமெரிக்காவிடம் கடன் கேட்டு நிற்கும் நிலை. போர் முழுக்கத் தட்டுப்பாடில்லாமல் கிடைத்த ரொட்டிக்கே 1946 ஜூலையில் ரேஷன் வந்தது. அதே ஜூலையின் 26ம் தேதி தொழில்முறைக் காயங்கள் காப்பீட்டுச் சட்டத்துக்கும், ஆகஸ்ட் 1ம் தேதி தேசியக் காப்பீட்டுச் சட்டத்துக்கும் அரச ஒப்புதல் கிடைத்தது. ரொட்டியை எடைபோட்டுக் கொடுத்துக்கொண்டிருந்த அரசு இதைச் செய்தது. காசு வரட்டும், பிறகு பார்க்கலாம் என்று காத்திருந்தால் எந்த நாட்டிலும் அந்தப் ‘பிறகு’ வருவதில்லை.

முதலில் மக்கள் கைக்கு வந்தது குழந்தைகளுக்கான உதவித்தொகை. 1946 ஆகஸ்ட் 6, செவ்வாய்க்கிழமை. தபால் நிலையத்தில் தாய் தன் புத்தகத்தை நீட்டுவாள். இரண்டாவது குழந்தை முதல் ஒவ்வொரு குழந்தைக்கும் வாரம் 5 ஷில்லிங். சட்டம் அதற்கு முந்தைய ஆட்சியில், 1945 ஜூனில் நிறைவேறியது. கிரிஃபித்ஸ் அதை நடைமுறைக்குக் கொண்டுவந்தவர். அதன் பெருமை எலினார் ராத்போனுக்குத்தான் போக வேண்டும். முப்பது வருடம் அதற்காகப் போராடிய சுயேச்சை உறுப்பினர் அவர். மசோதாவில் பணம் தந்தைக்கு என்று எழுதியிருந்ததை எதிர்த்து நின்று தாய்க்கு என்று மாற்ற வைத்தார். முதல் செவ்வாய்க்கிழமையைப் பார்க்க அவருக்குக் கொடுத்துவைக்கவில்லை. 1946 ஜனவரியில் காலமானார்.

அப்புறம் ஓய்வூதியம். அதுவரை அடிப்படை முதியோர் பணம் வாரம் 10 ஷில்லிங். அதற்குமேல் வேண்டுமென்றால் தன் வறுமையை அதிகாரியிடம் விளக்கிக் கேட்டு வாங்க வேண்டும். பெவரிட்ஜ் மிகவும் எச்சரிக்கையான மனிதர். ஓய்வூதியத்தை இருபது வருடத்தில் மெல்ல மெல்ல முழு அளவுக்கு உயர்த்தலாம் என்று எழுதியிருந்தார். கிரிஃபித்ஸ் அதை ஏற்கவில்லை. அறுபத்தைந்து வயதுக்காரனிடம் இருபது வருடம் பொறு என்று சொல்வதில் என்ன பொருள் இருக்கிறது? 1946 அக்டோபரிலேயே தனி ஆளுக்கு 26 ஷில்லிங், தம்பதிக்கு 42 ஷில்லிங் என்று உயர்த்தினார். பெவரிட்ஜ் கடைசி இலக்காக வைத்த 24, 40 என்ற தொகைகளைவிடவும் அதிகம். பெவரிட்ஜ் எழுதியதை அப்படியே சட்டமாக்கினார்கள் என்று சொல்பவர்களுக்கு நான் காட்டுவது இந்த இடத்தைத்தான்.

இப்போது விபத்துச் சட்டம். 1945 இலையுதிர்காலத்திலேயே மசோதாவை அவைக்குக் கொண்டுவந்துவிட்டார். காயம்பட்டவனுக்குப் பணம் தரும் பொறுப்பை முதலாளியிடமிருந்தும் காப்பீட்டுக் கம்பெனியிடமிருந்தும் பிடுங்கி, அரசு நடத்தும் நிதிக்கு மாற்றினார். தொழிலாளியும் முதலாளியும் வாரா வாரம் சமமாகச் சில பென்ஸ் கட்டுவார்கள், அரசும் தன் பங்கைப் போடும். நம் ஊர் இ.எஸ்.ஐ. போல என்று வைத்துக்கொள்ளுங்கள். இனி தொழிலாளியும் முதலாளியும் நீதிமன்றத்தில் மோத வேண்டியதில்லை. காயம் எவ்வளவு என்பதை மருத்துவக் குழு பார்க்கும். மறுத்தால் மேல்முறையீட்டுக்குத் தீர்ப்பாயம் இருக்கும்.

எழுத்தில் சிறியவையாகத் தெரியும் சில வரிகளில் சுரங்கத்தில் இறங்கிய மனிதரின் கை தெரிகிறது. பழைய சட்டத்தில் விபத்து வேலை நேரத்தில் நடந்தது என்று காட்டினால் போதாது, வேலையின் காரணமாக நடந்தது என்றும் தொழிலாளி காட்ட வேண்டும். புதிய சட்டம் என்ன சொன்னது? வேலை நேரத்தில் நடந்தால், மாறான சான்று இல்லாதவரை, அது வேலையின் காரணமாக நடந்ததாகவே கொள்ள வேண்டும். ஒரே ஒரு அனுமானம்தான். ஆனால் நிரூபிக்கும் சுமையைத் தொழிலாளி தோளிலிருந்து அது இறக்கி வைக்கிறது. விதியை மீறி ஏதாவது செய்தபோது அடிபட்டாலும், அது முதலாளியின் வேலைக்காகவே செய்ததென்றால் பணம் உண்டு. “தடுப்பை நீதானே கழற்றினாய்” என்ற கேள்விக்கு இது பதில். உற்பத்திக் கணக்கைக் காட்ட வேண்டிய அவசரத்தில் தடுப்பைக் கழற்றாத தொழிலாளி எங்கே இருக்கிறான்? முதலாளி ஏற்பாடு செய்த வண்டியில் வேலைக்குப் போகும்போது நடக்கும் விபத்தும் சேரும். வேலையிடத்தில் ஆபத்து வந்து, அடுத்தவனைக் காப்பாற்றப் போய் அடிபட்டவனும் சேருவான். சுரங்கம் வெடித்தால் உள்ளே ஓடுகிறவர்கள் யார் என்று அம்மன்ஃபோர்டில் எல்லோருக்கும் தெரியும்.

இன்னொரு மாற்றம் இதைவிட ஆழமானது. பழைய சட்டம் கேட்ட கேள்வி, “உன் சம்பளத்தில் எவ்வளவு போயிற்று?” என்பது. புதிய சட்டம் கேட்டது, “உன் உடம்பில் எவ்வளவு போயிற்று?” இந்த முறை போர்க்கள ஓய்வூதியத்திலிருந்து எடுத்தது. காலை இழந்த சிப்பாய்க்கு அவனுடைய பழைய சம்பளத்தைப் பார்த்தா பணம் கொடுத்தார்கள்? காலுக்குத்தான் கொடுத்தார்கள். நிலக்கரி இல்லாமல் போர் நடந்திருக்காது. அதை வெட்டப் போய்க் காலை இழந்தவனையும் அதே அளவுகோலால் அளக்க வேண்டும் என்பதுதான் இதன் உள்ளே இருக்கும் நியாயம். முழு ஊனத்துக்கு வாரம் 45 ஷில்லிங். சாதாரணக் காய்ச்சலுக்குப் படுத்தால் 26, வேலையில் அடிபட்டுப் படுத்தால் 45. மற்ற ஊனங்களுக்கு அட்டவணைப்படி சதவீதம். இரண்டு கையும் போனால் 100. அந்த அட்டவணை இன்றிருக்கும் வடிவில் கட்டைவிரலுக்கு 30, சுட்டுவிரல் முழுதும் போனால் 14. நம் 1923ம் ஆண்டு இழப்பீட்டுச் சட்டத்தின் முதல் அட்டவணையிலும் 30, 14 என்றே இருந்தது. ஆனால் நம்முடையதில் அந்த எண் சம்பாதிக்கும் திறனில் ஏற்பட்ட இழப்பைக் குறித்தது. எண் ஒன்றுதான், கேட்கும் கேள்வி வேறு.

உடம்பை மட்டும் பார்த்தால் ஒரு அநியாயம் வரும் என்று சங்கத்துக்காரர்கள் உடனே சொன்னார்கள். இரண்டு விரல் போன காவலாளி அதே வேலையைப் பார்ப்பார். இரண்டு விரல் போன கைத்தேர்ந்த தொழிலாளி தன் தொழிலையே விட வேண்டும். பழைய வேலைக்குத் திரும்ப முடியாதவர்களுக்குக் கூடுதலாகக் கடினநிலைப் படி ஒன்று சட்டத்தில் சேர்ந்தது இதனால்தான்.

இதற்கும் கிரிஃபித்ஸைக் குறை சொன்னவர்கள் உண்டு. முன்பு முழுச் செலவும் முதலாளி தலையில் இருந்தது, இப்போது அடிபடப் போகிற தொழிலாளியும் ஏன் காசு கட்ட வேண்டும் என்று தொழிற்சங்கத் தரப்பிலேயே கேட்டார்கள். நியாயமான கேள்வி. நான் அவர் பக்கம்தான். தன் காசும் சேர்ந்த நிதியில் பணம் வாங்குபவன் யார் முன்னும் கையேந்த வேண்டாம். ஆனால் ஒரு குறையை மறைக்க மாட்டேன். நிலக்கரிச் சுரங்கத்துக்கும் துணிக்கடைக்கும் ஒரே சந்தா. ஆபத்தான தொழில்கள் தங்கள் விபத்துச் செலவில் கூடுதல் பங்கைச் சுமக்கட்டும் என்று பெவரிட்ஜ் சொல்லியிருந்தார். அரசு அதை விட்டுவிட்டது. விபத்து கூடினாலும் முதலாளி கட்டுவது கூடாது என்றால், தடுப்பைச் சரியாக மாட்ட அவருக்கு என்ன அவசரம்?

இந்த ஓட்டையை ஓரளவு அடைத்தது இன்னொரு சட்டம். சக தொழிலாளியின் கவனக்குறைவால் அடிபட்டால் முதலாளி மேல் நஷ்டஈட்டு வழக்குப் போட முடியாது என்று 1837ல் நீதிமன்றம் வகுத்த விதி ஒன்று நூறு வருடத்துக்கு மேல் தொழிலாளிகளின் கழுத்தைப் பிடித்திருந்தது. 1948ல் அதை ஒழித்தார்கள். அரசுப் பணம் ஒரு பக்கம் வந்துகொண்டிருக்க, முதலாளி தவறு செய்திருந்தால் தனியாக வழக்கும் போடலாம் என்ற நிலை வந்தது.

எல்லாம் ஒரே நாளில் தொடங்க வேண்டும் என்பது ஏற்பாடு. 1948 ஜூலை 5, திங்கட்கிழமை. தேசிய மருத்துவ சேவை பிறந்த அதே நாள். ஆதரவற்றவர்களைக் கையேந்த வைத்த பழைய ஏழைச் சட்டம் செத்த நாளும் அதுதான். கிரிஃபித்ஸும் பெவனும் சேர்ந்து அவையில் நடத்திக்கொடுத்த தேசிய உதவிச் சட்டம், இருக்கிற ஏழைச் சட்டம் இனிச் செல்லாது என்ற அறிவிப்போடுதான் தொடங்குகிறது. முதலாம் எலிசபெத் காலத்து வழக்கம் அதோடு முடிந்தது. தொழிலாளியின் பெயரில் ஒரு அட்டை, வாரா வாரம் முதலாளி அதில் ஒட்டும் ஸ்டாம்ப், ஆண் தொழிலாளிக்கு வாரம் 4 ஷில்லிங் 11 பென்ஸ் பிடித்தம். இரண்டரைக் கோடிப் பேரின் கணக்கை வைக்க நியூகாசிலுக்குப் பக்கத்தில் லாங்பென்டனில் வரிசையாகக் கொட்டகைகள் போட்டு ஆயிரக்கணக்கான எழுத்தர்களை உட்கார வைத்தார்கள். கம்ப்யூட்டர் இல்லாத காலம், எல்லாம் பேரேடுதான். நாடு முழுக்க ஊருக்கு ஊர் அலுவலகங்கள் திறந்தார்கள். வருகிறவர்களைப் பிச்சை கேட்க வந்தவர்களைப்போல நடத்தக்கூடாது என்பதில் கிரிஃபித்ஸ் கண்டிப்பாக இருந்தார். சங்க வாசலில் நின்றவர்களை மறக்காதவர் வேறெப்படி இருப்பார்?

பாராட்டியே முடித்துவிட்டால் அது சரியான பதில் ஆகாது. பணக்காரனும் ஏழையும் ஒரே சந்தா கட்டுவது என்ற அடிப்படையே குறைச் சம்பளக்காரனுக்குச் சுமை. அவனால் கட்ட முடிந்த அளவுக்குச் சந்தா, அந்தச் சந்தாவுக்குத் தகுந்த பணம் என்று ஆனதால் தொகைகள் சின்னதாகவே நின்றன. 1946ல் குறித்த 26 ஷில்லிங்கை 1948க்குள்ளேயே விலைவாசி அரித்துவிட்டது. வாடகை கட்ட முடியாதவர்கள் மறுபடியும் தேசிய உதவி வாரியத்திடம், அதாவது வேறு பெயரில் இருந்த வருமானச் சோதனையிடம் போனார்கள். கணவன் உள்ள பெண் வேலைக்குப் போய்ச் சந்தா கட்டியும் நோயில் படுத்தால் அவளுக்கு 16 ஷில்லிங்தான். வேலையின்மைப் பணத்துக்குக் காலவரம்பு வைத்ததைச் சொந்தக் கட்சிக்காரர்களே எதிர்த்தார்கள், சிட்னி சில்வர்மன் அதில் முன்னால் நின்றார். 1930களைப் பார்த்த கிரிஃபித்ஸ் அந்த வரம்புக்கு எப்படி ஒத்துக்கொண்டார் என்பது எனக்கு இன்னும் உறுத்துகிறது. இனி அந்த அளவு வேலையின்மை வராது என்று அந்த அரசு நம்பியது. கால் நூற்றாண்டு வரைக்கும் அந்த நம்பிக்கை பொய்க்கவும் இல்லை.

தமிழ் வாசகர்களுக்காக இன்னொன்றையும் சொல்ல வேண்டும். 1950 பிப்ரவரியில் அவர் காலனி நாடுகளின் அமைச்சரானார், அதே ஆண்டு மலாயாவுக்கும் போனார். அங்கே கம்யூனிஸ்ட் கிளர்ச்சியை ஒடுக்க அறிவித்த அவசரநிலை நடந்துகொண்டிருந்தது. நம் ஜனங்கள் ரப்பர் தோட்டங்களில் பால் வெட்டிக்கொண்டிருந்தார்கள். தமிழரான தொழிற்சங்கத் தலைவர் எஸ்.ஏ. கணபதியைத் தூக்கிலிட்டது 1949 மே மாதம், அதாவது கிரிஃபித்ஸ் அந்தப் பதவிக்கு வருவதற்கு முன்பு. ஆனால் விசாரணையின்றிச் சிறை வைக்கும் அதிகாரமும், மக்களை ஊரோடு பெயர்த்துக் கம்பி வேலிக்குள் குடியமர்த்தும் திட்டமும் அவர் காலத்தில் நடந்தவை. அம்மன்ஃபோர்டில் தெரிந்த நியாயம் தோட்டத்து லயன் வீடுகள்வரை எட்டவில்லை. அவர்மேல் எனக்குள்ள மரியாதையோடு சேர்த்தே இதை எழுதுகிறேன்.

பிறகு 1956ல் கட்சியின் துணைத் தலைவர், 1964ல் வேல்ஸுக்கென்று உருவான அமைச்சர் பதவியில் முதல் ஆள். 1975ல் இறந்தார்.

இனி உங்கள் இரண்டாவது கேள்வி. அவர் செய்தது இன்றும் நிற்கிறதா? வேலைக்குப் போகும் பிரிட்டன்காரரில் தேசியக் காப்பீட்டு எண் இல்லாதவர் அநேகமாக இல்லை. ஸ்டாம்ப் ஒட்டும் அட்டை போனாலும், எத்தனை வருடம் “ஸ்டாம்ப்” கட்டியிருக்கிறாய் என்று வயதானவர்கள் இன்றும் பேசுவார்கள். ஒரே அளவுச் சந்தா போய், சம்பளத்துக்கேற்ற சந்தா வந்துவிட்டது. விபத்துச் சட்டத்தைத்தான் மெல்ல மெல்லச் செதுக்கிக் குறைத்துவிட்டார்கள். முன்பு சிறிய ஊனங்களுக்கும் ஒரு மொத்தத் தொகையாவது கிடைக்கும். 1986 முதல் ஊனம் 14 சதவீதத்துக்குக் கீழே இருந்தால் ஒன்றும் கிடையாது. சுட்டுவிரல் போனவன் சரியாகக் கோட்டில் நிற்கிறான், உள்ளே வந்துவிடுவான். நடுவிரல் போனவனுக்கு 12, அவன் வெளியே. இந்த வரம்பிலிருந்து சட்டம் விலக்கிவைத்த நோய்கள் மிகச் சில. அதில் ஒன்று நிமோகோனியோசிஸ். நுரையீரலில் நிலக்கரித் தூசி படிந்தவருக்கு 1 சதவீத ஊனம் என்று மருத்துவர் எழுதினாலே பணம் உண்டு.